வசனத்தோடு ஜெபிக்க ஐந்து வழிகள்: யாருக்கு எது பொருந்தும்?

"வேதம் வாசிக்கிறேன், ஜெபமும் பண்ணுகிறேன். ஆனால் இரண்டும் இரண்டு பாதையில் போகுது." ஒரு வருடத்துக்குள் மூன்று பேர் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் இரவு வேலை செய்யும் தாதி. ஒருவர் பல்கலைக்கழக மாணவி. மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எனக்கே படிப்பித்தவர். மூவருக்கும் யாரோ ஒவ்வொரு வழி சொல்லியிருந்தார்கள். தினமும் சங்கீதம், அதாவது வேதத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்று, சொல்லு என்றார் ஒருவர். ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மெதுவாகத் தியானி என்றார் இன்னொருவர். வாக்குத்தத்தத்தை, அதாவது வேதத்தில் கடவுள் கொடுத்த வாக்கு ஒன்றை, பிடித்துக்கொள் என்பது மூன்றாவது ஆலோசனை. எதைத் தொடங்குவது என்று தெரியாமல் மூவரும் ஒன்றையும் தொடங்கவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா குருநகர், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வட்டுக்கோட்டை, தென்னிந்தியத் திருச்சபை. அம்மா "செபம்" என்பார், அப்பா "ஜெபம்" என்பார். அம்மாவின் தலையணைக்குக் கீழே செபமாலை, அப்பாவின் மேசையில் கறுப்பு மட்டை வேதாகமம். இரண்டு பக்கத்து வழக்கங்களோடும் வளர்ந்ததால் இந்த ஐந்து வழிகளையும் நான் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றில் தவறியும் இருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

முதலாவது, யார் முதலில் பேசுகிறார்கள்? நான் முன்பே முடிவுசெய்த ஒன்றுக்கு வசனத்தைச் சாட்சிக்கு இழுக்கிறேனா, அல்லது வசனம் சொல்வதைக் கேட்டபின் நான் வாய் திறக்கிறேனா? மற்ற மூன்றையும்விட இதுதான் எனக்குப் பெரியது.

இரண்டாவது, மனம் வறண்ட நாளிலும் அழுத நாளிலும் அந்த வழி தாங்குமா? நல்ல நாளில் எல்லா வழியும் நல்ல வழிதான்.

மூன்றாவது, நேரமும் இடமும். விடியப்புறம் குசினியில் நிற்பவருக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க நாலு அறை வீட்டில் தனியே இருப்பவருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது.

நான்காவது, தனியாகச் செய்யலாமா, கூட ஒருவர் வேண்டுமா?

| வழி | ஒரு நாளைக்கு | எங்கே | முக்கியமாக வேண்டியது |
|---|---|---|---|
| சங்கீதத்தை நம் ஜெபமாகச் சொல்வது | 5–10 நிமிடம் | எங்கும் | வாய்விட்டுச் சொல்வது |
| மெதுவான வாசிப்பு | 20–30 நிமிடம் | அமைதியான இடம் | பொறுமை |
| நற்செய்திக் காட்சிக்குள் போவது | 30–40 நிமிடம் | தனிமை | வழிகாட்டி |
| வாக்குத்தத்த வசனம் | ஒரு நிமிடமும் போதும் | எங்கும் | அதிகாரத்தை முழுக்க வாசிக்கும் பழக்கம் |
| பவுலின் ஜெபங்கள் | 5 நிமிடம் | எங்கும் | யாருக்காக என்ற தெளிவு |

## சங்கீதத்தை நம் ஜெபமாகச் சொல்வது

வேதத்தின் மற்றப் பகுதிகளை ஜெபமாக மாற்ற வேண்டும். சங்கீதம் ஏற்கனவே ஜெபம். எழுதியவரின் வாயிலிருந்து எடுத்து நம் வாயில் வைத்தால் போதும். 150 சங்கீதங்கள், நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதம். 119ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம். அது எட்டு எட்டு வசனமாக 22 துண்டுகளாகவே அமைந்திருப்பதால், நாளுக்கு ஒரு துண்டு எடுக்கலாம். அங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150ஐயும் காலை மாலையாகப் பிரித்து 30 நாளில் முடிக்கிறது. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் இப்போது நான்கு வாரச் சுற்றில் சொல்கிறார்கள்.

இந்த வழியின் பலம் அழுத நாளில் தெரியும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நாலு தரம் வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று தாவீது கேட்டுக்கொண்டே போகிறார். கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேதம் அந்தக் கேள்வியை நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமை. விடிவு வராமலேயே முடிகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வருடக்கணக்காகக் காத்திருக்கும் தாய் ஒருவர், வேதத்தில் தனக்குச் சொல்லக்கூடியதாக இருப்பது இது ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னார். "மற்றதெல்லாம் எனக்கு முந்தி ஓடிப்போகுது, பிள்ளை. இது மட்டும் என்னோட நிற்குது."

மறைவான செலவு ஒன்று உண்டு. வரிசையாகச் சொன்னால் சாபச் சங்கீதங்களும் வரும். 109 வரும், 137இன் கடைசி வசனமும் வரும். போரைக் கண்ட ஊரில் இருக்கும் நமக்கு அந்தக் கோபம் புரியாமல் இல்லை. சிலர் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்டுவதில்லை. என் கையில் இருக்கக் கூடாத பழியைக் கடவுளின் முன்னால் கொட்டிவிட்டு எழும்பும் நேரமாக அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் மனம் ஏற்கனவே பகையில் எரிந்துகொண்டிருக்கும் ஒருவர் அதைத் தனியே சொல்லிக்கொண்டிருப்பது நல்லதில்லை. ஒரு திருச்சபை ஐயரோடோ பாதரோடோ சேர்ந்து சொல்லட்டும்.

இன்னொரு செலவு, பழக்கதோஷம். 23ஆம் சங்கீதத்தை நாங்கள் ஐந்து வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள். வாய் சொல்லும், மனம் சந்தைக்குப் போய்விடும். அப்படியான நாளில் ஒரு வசனம் சொல்லி, நிறுத்தி, அந்த வசனத்துக்கு என் சொந்தச் சொல்லில் ஒரு வரி பதில் சொல்லி, அப்புறம் அடுத்த வசனத்துக்குப் போவேன்.

## மெதுவான வாசிப்பு

மேற்கில் இதை லெக்சியோ திவினா என்பார்கள். பெனடிக்ட் துறவிகளின் மடங்களில் 6ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த பழக்கம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதை நாலு படியுள்ள ஏணியாக எழுதிவைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, சும்மா இருப்பது. எட்டுப் பத்து வசனத்துக்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு மூன்று தரம் வாசிக்க ஏதோ ஒரு சொல் காலில் முள்ளுப் போலப் பிடிக்கும். அதில் நிற்க வேண்டும்.

எனக்கு ஒருமுறை ஏசாயா 30:15இல் அப்படி நடந்தது. "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்." அமரிக்கை என்ற சொல் பிடித்துக்கொண்டது. இப்போது யாரும் கதைக்கும்போது பாவிக்காத சொல். அம்மம்மா மட்டும், கிணற்றடியில் நாங்கள் துள்ளினால், "அமரிக்கையா நில்லுங்கோ" என்பார். துலாவைப் பிடித்தபடி அவர் நின்ற நிலை, வாளி நிறையும்வரை அவசரப்படாத அந்தக் கை எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் ஜெபிக்க உட்கார்ந்தது ஒரு வேலை விண்ணப்பத்துக்காக. எழும்பும்போது விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

முதலாவது அளவுகோலில், அதாவது வசனம் முதலில் பேசுவதில், இதற்கு நிகரான வழி எனக்குத் தெரியாது. ஆனால் விலை கூட. அமைதி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத நேரம் யாழ்ப்பாணத்தில் எப்போது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று புரியும். எனக்குக் கிடைப்பது காலமை நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் நடக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இன்னொரு ஆபத்து. வாசிக்கும்போதே கை தானாகக் குறிப்பு எழுதத் தொடங்கும். அது பாடம் தயாரிப்பது. அதற்கு வேறு நேரம் வையுங்கள்.

இது நமக்கு அந்நியமான வழி என்று சிலர் நினைக்கிறார்கள். தோலகட்டி என்றவுடன் பலருக்கு நெல்லிரசப் போத்தல்தான் நினைவுக்கு வரும். அந்தப் போத்தலுக்குப் பின்னால் இருப்பது 1928இல் யாழ்ப்பாண மண்ணில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் தபோவனம். மௌனமும் தியானமும்தான் அவர்களின் வாழ்க்கை. மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் 1939 முதல் இருக்கிறது. சும்மா இருந்து கேட்பது இந்த ஊருக்குத் தெரியாத ஒன்றில்லை.

மனம் ஓடித்திரிபவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. மார்ட்டின் லூதர் 1535இல், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் முடிதிருத்துநரான பீற்றருக்கு எழுதிக்கொடுத்த வழி அது. எடுத்த பகுதியில் நாலு கேள்வி: இது எனக்கு என்ன படிப்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது? இதை நாலு இழையில் பின்னிய மாலை என்றார் அவர். சும்மா இருக்க முடியாத மனதுக்கு இந்த நாலு இழையும் நல்ல பிடிமானம். பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

## நற்செய்திக் காட்சிக்குள் போவது

16ஆம் நூற்றாண்டில், இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த வழி. நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அந்த இடத்தைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, அங்கே நிற்கும் ஒருவராக நின்று, கடைசியில் இயேசுவோடு நேரே கதைப்பது.

இயேசு சொன்னபடி பேதுரு வலை போட்டு நிறைய மீன் பிடிக்கும் லூக்கா 5ஐ நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். என் கண் எப்போதும் கிழியப்போகும் வலையிலும் அமிழப்போகும் படவிலும்தான் நிற்கும். குருநகர் மாமா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு வேறு இடத்தில் நின்றார். "இரண்டாம் வசனத்தில வலையைக் கழுவிக்கொண்டு நிக்கினம் பார். வலை கழுவினால் அன்றைய தொழில் முடிஞ்சுது. உடம்பு வீட்டை போயிட்டுது. கழுவின வலையைத் திரும்ப ஏத்து என்று ஒரு தச்சன் சொல்லுறார். அதுக்குப் பேதுரு ஓம் என்றது எனக்கு மீனைவிடப் பெரிசு." அந்த நாளுக்குப் பிறகு, "இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை" என்ற வசனத்துக்கு வந்தால் என் கையில் ஈர வலையின் பாரம் தெரிகிறது. களைத்துப்போன ஒரு விஷயத்தை, முடிந்துவிட்டது என்று மூடிவைத்ததை, நான் முதன்முதலாக அந்த இடத்தில் வைத்துத்தான் ஜெபித்தேன்.

வேதக் கதைகள் பழகிப் புளித்துவிட்டன என்பவர்களுக்கும், நீண்ட ஜெபத்தில் சொற்கள் தீர்ந்துபோகிறவர்களுக்கும் இது நல்லது. மாற்கு 10:46–52இல் குருடனான பர்திமேயுவோடு தொடங்கலாம். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்ற கேள்வி அங்கே வருகிறது. அதற்கு நம் பதில் என்ன என்று பார்த்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

செலவைச் சொல்ல வேண்டும். இந்த வழியில் என் கற்பனை பேசியதை இயேசு பேசினார் என்று எடுத்துக்கொள்ளும் சாத்தியம் கூட. வசனத்தில் இல்லாத கட்டளை ஒன்று காதில் விழுந்தால் அதை உடனே நம்பாமல், முதிர்ந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். இஞ்ஞாசியாரே இதை வழிகாட்டியோடு செய்யும் பயிற்சியாகத்தான் வைத்தார். போரின் காட்சிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கும் ஒருவருக்குச் சிலுவைப் பாடுகளை இப்படிக் கண்முன் கொண்டுவரச் சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்குச் சங்கீதம் பாதுகாப்பானது.

## வாக்குத்தத்த வசனம்

இங்கே அதிகம் பேர் செய்வது இதுதான். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிய, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுப்போம். வருடம் முழுக்க அது பேர்ஸில் இருக்கும், குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இருக்கும். நான் இதைக் குறைத்துப் பேச வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் நிற்பவருக்கு நாலு படி ஏணி உதவாது. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற ஏசாயா 41:10 உதவும். மூச்சு விடும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கலாம்.

ஆனால் ஐந்து வழிகளிலும் அதிகக் கவனம் கேட்பதும் இதுதான். அட்டையில் வரும் வசனம் தன் வீட்டைவிட்டுப் பிரிந்து வருகிறது. எரேமியா 29:11ஐப் பாருங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சை, வீசா, கலியாணம் எல்லாவற்றுக்கும் நாங்கள் எடுப்பது. அதற்கு ஒரு வசனம் முன்னால், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகு என்று இருக்கிறது. ஊரை இழந்து போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று முன்னுக்கு எழுதியிருக்கிறது. 1990இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டு, 2017இல் துறைமுகப் பகுதி விடுபடும்வரை முகாமிலும் வாடகை வீட்டிலும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துக் காட்டினால் பதினோராம் வசனம் இன்னும் கனமாகக் கேட்கும். எழுபது வருஷம் தெரிந்துதான் அந்த வாக்கு சொல்லப்பட்டது.

என் சித்தி ஒருவர் வருடம் முழுக்க ஒரு அட்டை வசனத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவின் சுகத்துக்காக ஜெபித்தார். சித்தப்பா ஒக்டோபரில் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்த ஒருவர், விசுவாசம் காணாது என்று விறாந்தையில் நின்று சொன்னார். சித்தி மூன்று வருடம் வேதத்தைத் திறக்கவில்லை. அந்த வசனம் அப்படி ஒரு வாக்கைக் கொடுக்கவே இல்லை என்று அவருக்கு யாரும் அதிகாரத்தைத் திறந்து காட்டியிருக்கவில்லை. நானும் காட்டவில்லை. அது இன்றைக்கும் என் மனதைக் குடைகிறது.

ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள் அட்டை கிடைத்த அன்றைக்கே அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்று பாருங்கள். கூட இருப்பேன் என்ற வாக்கா, இன்ன காரியம் நடக்கும் என்ற வாக்கா என்று பிரித்துப் பாருங்கள். முதல் வகையை எந்தப் பயமும் இல்லாமல் பிடித்துக்கொள்ளலாம்.

## பவுலின் ஜெபங்கள்

மற்றவர்களுக்காக ஜெபிக்கும்போது மட்டும். எபேசியர் 3:14–19, பிலிப்பியர் 1:9–11, கொலோசெயர் 1:9–12. "உங்கள்" என்று வரும் இடத்தில் கனடாவில் இருக்கும் தம்பியின் பெயரையோ, பாரிஸில் இருக்கும் மகளின் பெயரையோ வைத்து வாசித்தால் அதுவே ஜெபம். நாங்கள் வேலையும் வீசாவும் கேட்போம். பவுல் அன்பு அறிவோடு பெருக வேண்டும் என்று கேட்கிறார். இரண்டையும் கேட்கலாம், ஆனால் இரண்டாவதைக் கேட்க எனக்கு இந்தப் பகுதிகள்தான் ஞாபகப்படுத்தின. தன் வேதனையே தாங்க முடியாத நாளுக்கு இது சரிவராது.

## எந்த மொழிபெயர்ப்பில்?

அப்பாவின் வேதாகமத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." 1995இல் வந்த திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." மனப்பாடத்துக்கும் வாய்விட்டுச் சொல்வதற்கும் பழையதன் ஓசை எனக்குப் பிடிக்கும். மெதுவான வாசிப்புக்குத் திருவிவிலியம் நேரே விளங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. நல்ல தமிழில் வேதம் வேண்டும் என்ற கவலை இந்த ஊருக்குப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த மெதடிஸ்த மிஷனரி பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து அதற்கு உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அம்மம்மாக்களின் பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் சங்கீத எண் ஒன்று குறைவாக இருக்கலாம். அங்கே 22 என்பது இங்கே 23.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

ஆசிரியருக்கு நேரமும் அமைதியும் இருந்தன, கூடவே ஒரு வசனத்தைக் கண்டால் விளக்கம் சொல்லும் பழக்கமும் இருந்தது. லூக்காவை எடுத்து மெதுவாக வாசியுங்கள், பேனாவை வேறு அறையில் வையுங்கள் என்றேன். இரண்டாம் மாதம்தான் பிடிபட்டது என்றார்.

மாணவிக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. விடுதி அறையில் நாலு பேர். அவருக்கு லூதரின் நாலு கேள்வி, அதோடு ஞாயிறு பின்னேரம் மட்டும் தேவாலயத்தில் தனியே இருந்து ஒரு நற்செய்திக் காட்சி. வருடத் தொடக்கத்தில் எடுத்த அட்டையையும் விடவில்லை. அதன் அதிகாரத்தை முழுக்க வாசித்துவிட்டு, எடுத்தபோது நினைத்ததைவிடப் பெரிய வசனம் இது என்று செய்தி அனுப்பினார்.

தாதியிடம் சங்கீதம் என்றுதான் முதலில் சொன்னேன், எதை என்று சொல்லவில்லை. அவரே 121ஐ எடுத்தார். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று அதில் வருகிறது. நடுச்சாமம் தாண்டி வார்டைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு கட்டில் அருகிலும் நின்று, சேலைன் ஏறுகிறதா என்று பார்க்கும் நேரத்துக்குள் ஒரு வசனம் மனதுக்குள் சொல்வாராம். அந்தச் சங்கீதத்தில் எட்டு வசனம். போன கிழமை வார்டில் பதினொரு பேர். "மிச்ச மூன்று பேருக்கும் முதலிலிருந்து திரும்பத் தொடங்கினேன்" என்றார்.